சிடி டூப்ளிகேட்டர் வாங்கப் போகிற தங்கைக்கு

போன வாரம் என் சித்தி மகள் போன் செய்தாள். ஒரு கல்லூரியில் நூலகராகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. "அக்கா, சிடி, டிவிடி காப்பி எடுக்கிற மெஷினுக்கு மூணு கொட்டேஷன் வந்திருக்கு. மார்ச் 31-க்குள்ள பில் போட்டாகணும், இல்லேன்னா பணம் திரும்பப் போயிடும். ஒரே நேரத்துல பதினோரு காப்பி போடுற டவர்தான் லாபம்னு கடைக்காரர் சொல்றார். வாங்கிடவா?" என்றாள்.

"கொஞ்சம் பொறு" என்றேன். நூலகத்தில் கேசட், தகடு அறையை இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொள்கிறவள் நான். நன்றாக உழைத்த கருவிகளையும் பார்த்திருக்கிறேன். வாங்கி ஆறு மாதத்தில் துணி போட்டு மூடி வைத்தவற்றையும் பார்த்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்று அவளுக்கு உட்கார்ந்து எழுதினேன். அதே வேலையில் இருக்கும் மற்றத் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் உதவட்டும் என்று அதை இங்கே தருகிறேன்.

முதலில் அலமாரியைத் திற

கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு, எதையெல்லாம் நகலெடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுது கண்ணு. கல்லூரி நூலகங்களில் பெரும்பாலும் நான்கு வகை இருக்கும். பின் அட்டைப் பையில் சிடியோடு வந்த கம்ப்யூட்டர் புத்தகங்களும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிப் புத்தகங்களும் ஒரு வகை. 1990-களிலும் 2000-களிலும் வாங்கியவற்றில் இவை நிறைய. சொற்பொழிவு, பட்டிமன்றம், கவியரங்கம் பதிவான கேசட்டுகள் இன்னொரு வகை. கல்லூரி விழா வீடியோக்கள் மூன்றாவது. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஒலிப்புத்தகங்கள் நான்காவது.

ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. புத்தகத்தோடு வந்த தகட்டுக்கு ஒரே ஒரு நகல் போதும். மூலத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு, நகலைப் புத்தகத்தோடு இஷ்யூ செய்வாய். ஒலிப்புத்தகத்துக்கு ஆறேழு நகல் வேண்டியிருக்கும். கேசட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டவர் என்பது தகட்டிலிருந்து தகட்டுக்கு மட்டும்தான் நகலெடுக்கும். கேசட்டைக் கணினிக்குள் கொண்டுவர நல்ல நிலையில் உள்ள கேசட் டெக், ஆடியோ இன்டர்ஃபேஸ், கூடவே முழுக் கேசட் ஓடும் நேரம், இவ்வளவும் வேண்டும். உன் அலமாரியில் கேசட்தான் அதிகம் என்றால், டவருக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அங்கே போவதுதான் நியாயம்.

கேசட்டைப் பற்றி இன்னொன்று. ஆடியோ சிடியில் 80 நிமிடம்தான் அடங்கும். 60 நிமிடக் கேசட் ஒரு தகட்டில் வந்துவிடும். 90 நிமிடக் கேசட் வராது. பேச்சாளர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது தகடு முடிந்துபோகும். அதனால் 'ஏ' பக்கத்தை ஒரு தகட்டிலும் 'பி' பக்கத்தை இன்னொன்றிலும் போட்டுவிடு. எம்பி3-ஆகப் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ போதும் என்று வைத்தால், ஒரு 700 எம்பி தகட்டில் சுமார் 24 மணி நேரம் அடங்கும். ஒரு முழு நாவலை வாசித்துப் பதிவுசெய்த ஒலிப்புத்தகம் ஒரே தகட்டில் வந்துவிடும் என்பது பார்வையற்ற பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய வசதி, யோசித்துப் பார். ஆனால் அவர்களிடம் இருக்கும் பிளேயர் எம்பி3 தகட்டைப் படிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்.

அடுத்து, தகடாகவே வேண்டும் என்று கேட்பவர்கள் எத்தனை பேர் என்று மூன்று மாத இஷ்யூ ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் சிடி டிரைவ் கிடையாது. மாதம் ஐந்து பேர்தான் கேட்கிறார்கள் என்றால் டவரே வேண்டாம். வெளியில் பொருத்தும் இரண்டு யுஎஸ்பி டிவிடி ரைட்டர்களும் நூலகத்திலேயே உட்கார்ந்து கேட்க ஒரு கணினியும் ஹெட்போனும் போதும். இதைச் சொன்னால் கடைக்காரருக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் அது பொதுப் பணம்.

எது மூலம், எது நகல்

நீ செய்யப் போவது வாசகர் பயன்பாட்டுக்கான பிரதி. அது கீறும், தொலையும், வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்து வளையும். போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம் உனக்கு இருக்க வேண்டும். அந்தத் தைரியம் வரவேண்டும் என்றால், மூலத்தின் முழுக் கோப்பு வேறெங்கோ பத்திரமாக இருக்க வேண்டும்.

வீட்டிலும் ஆபீசிலும் நாமே எழுதும் தகட்டை மட்டும் நம்பி ஆவணக் காப்பகங்கள் மூலத்தை வைக்கக் கூடாது என்று 2006-இலேயே யுனெஸ்கோவுக்காகக் கெவின் பிராட்லி ஓர் ஆய்வறிக்கை எழுதினார். காரணம் எளிது. கடையில் விற்கும் பாட்டு சிடியில் பள்ளங்கள் அச்சில் அழுத்தப்பட்டவை. நாம் எழுதும் சிடியில் லேசர், சாயப் பூச்சு ஒன்றைச் சுட்டுத்தான் அடையாளம் வைக்கிறது. சாயத்துக்கு வெளிச்சமும் சூடும் ஈரமும் ஆகாது. எந்தத் தகடு எத்தனை வருஷம் தாங்கும் என்று வெளியில் பார்த்துச் சொல்லவே முடியாது.

ஆகவே முதல் செலவு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒன்று நூலகத்தில், இன்னொன்று வேறு கட்டடத்தில். ஒவ்வொரு மூலத் தகட்டையும் ஒரே ஒரு முறை முழு இமேஜ் கோப்பாக எடுத்து இரண்டிலும் போட்டுவிடு. பிறகு எத்தனை நகல் கேட்டாலும் அந்தக் கோப்பிலிருந்தோ, அதிலிருந்து எழுதிய ஒரு மாஸ்டர் தகட்டிலிருந்தோதான் எழுத வேண்டும். நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று போகாதே. மூலத் தகட்டை மறுபடி மறுபடி டிரைவில் போட்டுச் சுழற்றுவதும் இதனால் நின்றுவிடும்.

எவ்வளவு பெரிய கருவி

பதினோரு டிரைவ் உள்ள டவரில் உனக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 எக்ஸ் வேகத்தில் ஒரு முழுச் சிடி எழுத நான்கு நிமிடம் வரை ஆகும். சரிபார்க்க இன்னொரு நான்கு நிமிடம். தகடு மாற்ற, பெயர் எழுத இரண்டு. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் என்று வை. மாதம் 40 நகல் தேவை என்றால், ஒரு மூலத்துக்கு மூன்று நகல் எடுக்கும் சின்ன டவரில் 14 சுற்று. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பதினொன்று எடுக்கும் டவரில் நான்கு சுற்று, 40 நிமிடம். மிச்சமாவது மாதத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்காக எட்டு டிரைவ் கூடுதலாக வாங்கி, தூசி தட்டி, ஒவ்வொன்றாகப் பழுதாகும்போது சர்வீஸுக்கு அலைய வேண்டும். இதுகூட ஒரே தலைப்பில் நிறைய நகல் போட்டால்தான். நூலகத்தில் அப்படி நடப்பதில்லை. இன்றைக்கு ஒன்றில் இரண்டு, நாளைக்கு வேறொன்றில் ஒன்று என்றுதான் கேட்பார்கள். பதினொன்றில் ஒன்பது டிரைவ் சும்மா உட்கார்ந்திருக்கும்.

தானே தகட்டை எடுத்து, எழுதி, மேலே படமும் அச்சடித்து அடுக்கிவிடும் ரோபோ வகையும் இருக்கிறது. எப்சன், பிரைமெரா, ரிமேஜ் போன்ற நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளைச் செய்தன. எப்சனின் பிபி-100 ஒரே தடவையில் 100 தகடு வரை கவனித்துக்கொள்ளும். தினம் நூற்றுக்கணக்கில் அனுப்பும் ஒலிநூலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அது சரி. மாதம் ஒரு நாள் மட்டும் ஓட்டினால் மை தெளிக்கும் முனை காய்ந்து அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்து ஈரத்தில் இரண்டு தகடு ஒட்டிக்கொண்டு வந்தால் ரோபோவின் கையும் தடுமாறும். மை, உதிரிபாகம் எல்லாம் அந்தந்தக் கம்பெனியுடையதாகவே இருக்க வேண்டும். உனக்கு வேண்டாம்.

மாதம் பத்திலிருந்து நூறு நகல் வரை என்றால் ஒன்றுக்கு ஒன்று அல்லது ஒன்றுக்கு மூன்று டவர்தான் என் சிபாரிசு. கணினி இல்லாமல் தனியே இயங்கும் வகையாக இருக்கட்டும். விண்டோஸ் அப்டேட், வைரஸ் என்ற தொல்லை கிடையாது. உதவியாளருக்கு அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நீ லீவில் போனாலும் வேலை நடக்கும்.

ப்ளூரே டவர் வேண்டுமா என்று யாராவது கேட்டால் மறுத்துவிடு. நம் வாசகர்கள் வீட்டில் அதைப் படிக்கும் பிளேயர் இல்லை. எழுதும் ப்ளூரே தகடு செய்வதைப் பானசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் நிறுத்திவிட்டன. இனிமேல் தகடு கிடைப்பதே குறையும் ஒன்றுக்குக் கருவி வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை.

சரிபார்க்கத் தெரிந்த கருவியை வாங்கு

நான் இவ்வளவு எழுதியதற்கே காரணம் இந்தப் பகுதிதான். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் நூலகத்திலிருந்து ஒரு மூத்த அறிஞரின் உரைத் தொகுப்பை 40 தகடாகப் போட்டுக் கிளை வாசகசாலைகளுக்கு அனுப்பினோம். வெளியில் ஒரு கடையில் கொடுத்துத்தான் போட்டோம். எல்லாவற்றிலும் முதல் இரண்டு நிமிடம் கேட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வர ஆரம்பித்தது. பதினொரு தகடுகளில் நடுவில் பேச்சு நின்று, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. ஒரு வாசகசாலையில் ஊரைக் கூட்டி உட்காரவைத்துப் போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்களாம். அந்த வாசகசாலைக்காரர் எழுதிய கடிதத்தில் கோபமே இல்லை. வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் என் மனதில் இருக்கிறது. அந்தக் கடையில் அதிகபட்ச வேகத்தில் எழுதியிருக்கிறார்கள், ஒன்றைக்கூடச் சரிபார்க்கவில்லை.

டவரின் மெனுவில் 'வெரிஃபை', 'கம்பேர்' என்று இரண்டு இருக்கலாம். வெரிஃபை என்பது எழுதிய தகட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கும். கம்பேர் ஒவ்வொரு பிட்டையும் மூலத்தோடு ஒப்பிடும். உனக்குக் கம்பேர் வேண்டும். அதுவும் 'காப்பி முடிந்ததும் தானாகவே கம்பேர்' என்று ஒரே கட்டளையில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்றால், கூட்டமான நாளில் யாரும் அழுத்த மாட்டார்கள். ஒப்பீட்டில் தோற்ற தகடு எந்த டிரைவில் இருக்கிறது என்று விளக்கோ திரையோ காட்டுகிறதா என்றும் பார். சில டவர்களில் தோற்ற தகட்டை மட்டும் வெளியே தள்ளாமல் உள்ளேயே வைத்திருக்கும். அது நல்ல ஏற்பாடு.

ஆடியோ சிடிக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். தரவுத் தகட்டில் ஒவ்வொரு செக்டரும் 2,352 பைட். அதில் 2,048 பைட்டில்தான் கோப்பு இருக்கும். மீதியில் முகவரியும் பிழை திருத்தும் குறிப்பும் இருக்கும். ஆடியோ சிடியில் அந்த 2,352 முழுவதும் ஒலிதான். பிழையைத் திருத்தும் அந்தக் கூடுதல் காவல் கிடையாது. கீறல் பெரிதாகிவிட்டால் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து நடுவில் இருந்திருக்கக்கூடியதை ஊகித்து இட்டு நிரப்பிவிடும். பாட்டுக் கேட்கும்போது அது நமக்கு வரம். நகலெடுக்கும்போது அந்த ஊகமே நிஜமாகத் தகட்டில் பதிந்துவிடும். அதிலிருந்து எடுக்கும் நகல் எல்லாமே அந்த ஊகத்தைச் சுமக்கும். பல டவர்கள் இதையும் 'வெற்றி' என்றே காட்டும்.

இதனால் பழைய, கீறல் விழுந்த ஆடியோ சிடியை நேரே டவரில் போடாதே. கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளில், பாதுகாப்பான முறை என்பதைத் தேர்ந்து எடு. ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தடவையாவது படித்து, ஒத்துப்போகாவிட்டால் திரும்பத் திரும்பப் படிக்கும். லினக்ஸ் என்றால் சிடிபாரனாய்யா. எந்த இடத்தில் சந்தேகம் என்று கடைசியில் ஒரு பட்டியலும் வரும். அந்தப் பட்டியலையும் கோப்போடு சேர்த்தே வை. சுத்தமாக எடுத்த கோப்பிலிருந்து ஒரு புதுத் தகடு எழுதி, அதை டவருக்கு மாஸ்டராகக் கொடு.

தரவுக் கோப்புகளுக்கு ஒரு செக்சம் எண்ணும் எடுத்து வைத்துக்கொள். எம்டி5 அல்லது ஷா-256, எதுவானாலும் சரி. ஐந்து வருஷம் கழித்து ஹார்ட் டிஸ்க்கில் உள்ளது அதே கோப்புதானா என்று தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி இல்லை.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

டிரைவ் பழுதானால் நானே மாற்றலாமா? இது முதல் கேள்வி. ரைட்டர் டிரைவ் என்பது தேயும் பொருள். லேசர் மங்கும், லென்ஸில் தூசி படியும். சாதாரணமாகக் கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் சாட்டா டிவிடி ரைட்டரை நான்கு ஸ்குரூ கழற்றி மாற்ற முடிந்தால் அந்த டவர் பத்து வருஷம் உழைக்கும். கம்பெனி ஆள் வந்துதான் கைவைக்க வேண்டும் என்றால் ஏஎம்சி தொகையையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார். வாங்கும்போதே உபரியாக இரண்டு டிரைவ் சேர்த்து பில் போட்டுவிடு. இந்த வகை டிரைவ்கள் வருங்காலத்தில் எளிதில் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா? இருந்தால் மூலத் தகட்டை ஒரு முறை ஏற்றிவிட்டு, அதிலிருந்தே எத்தனை நகலும் எடுக்கலாம். வசதிதான். ஆனால் டவரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் பொருத்தினால் பெரும்பாலும் படிக்க முடியாது. அதைக் காப்பகம் என்று நினைத்துவிடாதே. நான் சொன்ன அந்த இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்தான் காப்பகம்.

பவர் சப்ளை 230 வோல்ட்தானா? வெளிநாட்டிலிருந்து வந்த சில பெட்டிகளின் பின்னால் 115, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும். அதைப் பார்க்காமல் பிளக்கைச் சொருகினால் அன்றோடு முடிந்தது. கூடவே ஒரு யுபிஎஸ் கட்டாயம். நடுவில் கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த அத்தனை தகடும் வீண். நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

வேகத்தை நானே குறைக்க முடியுமா? முடியவேண்டும். ரொம்ப வேகமாகவும் எழுதாதே, ரொம்ப மெதுவாகவும் எழுதாதே. இப்போதைய தகடுகள் நடுத்தர வேகத்துக்குப் பழகியவை. சிடிக்கு 16 முதல் 24 எக்ஸ், டிவிடிக்கு 8 எக்ஸ். 1 எக்ஸில் எழுதினால் தங்கமாக இருக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தக் காலத் தகட்டுக்கு அது சரியாக இருந்திருக்கலாம்.

வெறும் தகட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போல, நல்ல டவர் வாங்கிவிட்டு, கிலோ கணக்கில் விற்கும் பிளாங்க் தகட்டை வாங்குகிறார்கள். பாதித் தோல்விக்கு அதுவே காரணம்.

முதன்முதலில் சிடி-ஆர் தகட்டை உருவாக்கிய ஜப்பானின் தாயோ யூடென் 2015 முடிவில் இந்தத் தொழிலை விட்டுவிட்டது. நம் நாட்டில் ஒரு காலத்தில் எங்கும் கிடைத்த மோசர் பேயர் நிறுவனம் 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. அந்தப் பெயர்களில் இன்று யாராவது 'பழைய ஸ்டாக்' என்று காட்டினால், எத்தனை கோடை எந்தக் குடோனில் கிடந்தது என்று தெரியாது. இப்போது தயாராகும் நம்பகமான ஒரு பிராண்டை எடு. ஐம்பது தகடு உள்ள ஒரு ஸ்பிண்டில் மட்டும் முதலில் வாங்கி, அதில் ஐந்தை எழுதி, ஒப்பிட்டு, நூலகத்திலேயே பழைய பிளேயரில் போட்டுப் பார். சரியாக இருந்தால் அதே லாட்டில் ஆறு மாதத் தேவைக்கு மட்டும் வாங்கு. ஒரே பிராண்டின் பெயரில் வேறு வேறு தொழிற்சாலைத் தகடுகள் வரும் என்பதால் லாட் எண்ணை ரிஜிஸ்டரில் குறித்துக்கொள்.

அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தகட்டை வாசகர் நகலுக்குப் பயன்படுத்தாதே. பழைய பிளேயர்கள் படிக்காது. யாராவது தெரியாமல் அழித்தும் விடலாம். டிவிடியில் 'மைனஸ் ஆர்' வகை பழைய பிளேயர்களில் கொஞ்சம் நன்றாகவே ஓடும். எழுதி முடித்ததும் ஃபைனலைஸ் ஆகியிருக்கிறதா என்பதையும் பார். இல்லையென்றால் பெரும்பாலான பிளேயர்களில் ஓடாது.

பெயர் எழுதுவதில்தான் நல்ல தகட்டைக் கெடுக்கிறோம். வட்ட ஸ்டிக்கர் லேபிள் ஒட்டாதே. அதிவேக டிரைவில் தகடு நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்றுச் சுற்றும். லேபிள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டியிருந்தாலும் தகடு உதறும். பசை இளகி ஓரம் கிளம்பினால் டிரைவுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பால்பாயின்ட் பேனாவும் கூடாது. சிடியில் தரவு இருக்கும் அடுக்கு, நாம் நினைப்பதுபோல் பளபளக்கும் கீழ்ப் பக்கத்தில் இல்லை. பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு அடியிலேயே, மெல்லிய வார்னிஷ் பூச்சின் கீழ் இருக்கிறது. கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் உண்டு, மேலே அது இல்லை. மேல்பக்கத்துக் கீறல்தான் சிடியைக் கொல்லும். டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் தரவு இருப்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. மென்மையான முனையுள்ள, தண்ணீர் அடிப்படையிலான மை உள்ள சிடி மார்க்கரால், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் அக்செஷன் நம்பரை மட்டும் எழுது. தலைப்பு, தேதி, 'பயன்பாட்டுப் பிரதி' என்ற குறிப்பு, சரிபார்த்தவர் கையெழுத்து எல்லாம் பெட்டிக்குள் வைக்கும் காகிதத்தில் இருக்கட்டும்.

தகட்டைப் பிளாஸ்டிக் பையில் அடுக்காதே. கெட்டியான பெட்டியில், புத்தகம் போல நிமிர்த்தி வை. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2003-இல் நூலகர்களுக்கென்றே வெளியிட்ட கையேட்டில் 20 டிகிரிக்குக் கீழும் 50 சதவீதத்துக்குக் குறைந்த ஈரப்பதமும் சொல்லியிருக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் ஏசி இல்லாமல் அது நடக்காது. வாசகர் நகலுக்கு அது அவசியமும் இல்லை. மூலத் தகடு இருக்கும் பீரோவுக்காவது சிலிக்கா ஜெல் பொட்டலமும் சன்னலுக்கு எதிர்ச் சுவரும் கொடு.

சட்டம் அனுமதிக்கிறதா

கருவி கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நகலெடுத்துவிட முடியாது. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் 52-ஆம் பிரிவு சில விதிவிலக்குகளைத் தருகிறது. கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது கெட்டுப்போனால் உதவும் என்று ஒரு பாதுகாப்பு நகல் எடுக்கலாம். லாப நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் மின்னணு அல்லாத பிரதி இருக்கும் படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமிக்கலாம் என்று 2012 திருத்தம் சேர்த்தது. மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் பிரதி செய்வதற்கும் அதே திருத்தம் வழிவிட்டது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. ஆகவே ஒலிப்புத்தக வேலையைத் தயக்கமில்லாமல் செய்.

ஆனால் கடையில் விற்கும் சினிமா டிவிடியைத் தொடாதே. அதில் நகல் தடுப்புப் பூட்டு இருக்கும். உரிமையை மீறும் நோக்கில் அதை உடைப்பது 65ஏ பிரிவின் கீழ் குற்றம். டவரும் பெரும்பாலும் மறுத்துவிடும். 'உடைத்துத் தருகிறேன்' என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அந்தக் கொட்டேஷனை அங்கேயே கிழித்துவிடு. கல்லூரியில் பேசியவர்களின் உரையை நகலெடுத்து வெளியே கொடுக்க, அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ இரண்டு வரி எழுதி வாங்கிக் கோப்பில் வை. கேட்டால் யாரும் மறுப்பதில்லை. தங்கள் தகப்பனார் குரல் ஊரெல்லாம் கேட்கும் என்றால் பிள்ளைகள் சந்தோஷப்படத்தான் செய்கிறார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

உன் அலமாரியிலிருந்து மூன்று தகடு எடு. நன்றாக ஓடும் ஒரு தரவுத் தகடு. கீறல் விழுந்த ஓர் ஆடியோ சிடி. உங்கள் கல்லூரி விழா டிவிடி ஒன்று. மூலத் தகட்டைக் கொண்டுபோகாதே, முன்பே எடுத்த நகல்களைக் கொண்டுபோ; கீறல் விழுந்ததும் ஒரு நகலாகவே இருக்கட்டும். கடையில் அந்த டவரை ஓடவிட்டு, மூன்றையும் காப்பியும் கம்பேரும் செய்யச் சொல். பக்கத்தில் நின்று மணி பார். கீறல் விழுந்த சிடியில் கருவி என்ன சொல்கிறது என்று கவனி. தவறு இருப்பதை ஒத்துக்கொண்டு நிற்கும் கருவியை நம்பலாம். எல்லாவற்றுக்கும் 'வெற்றி' என்று காட்டும் கருவி உனக்கு வேண்டாம். எழுதிய நகல்களைக் கொண்டுவந்து நூலகத்திலுள்ள மிகப் பழைய பிளேயரில் கடைசிப் பாட்டை, கடைசி ஐந்து நிமிடத்தைப் போட்டுக் கேள். எழுதும்போது பிழை வந்தால் பெரும்பாலும் வெளி விளிம்பில்தான், அதாவது தகட்டின் கடைசிப் பகுதியில்தான் வரும்.

மூன்று கடைகளிலும் இதைச் செய்ய ஒரு நாள் போதும். மார்ச் 31 வரை இன்னும் நாள் இருக்கிறது தங்கம். பில் போடும் முன் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்.